வாரநாள் இரவும் வீட்டுக் குழம்பும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு நாக்பூரிலும் மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், வாரநாள் இரவு உணவு என்பது இன்று ஒரு சிக்கலாகவே இருந்து வருகிறது. கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் இல்லங்கள் பெருகிவிட்டன. வீடு திரும்ப இரவு ஏழு மணியாகிறது. அதன் பிறகு புளியை ஊற வைத்து, வெங்காயம் உரித்து, வதக்கி, அரைத்து, கொதிக்க வைத்து முடிக்கும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடுகிறது. அதற்குள் குழந்தைகள் பசியால் சோர்ந்து, சேமியா வடிவில் கிடைக்கும் பொட்டல உணவைத் தின்றுவிட்டு உறங்கிப் போகின்றனர்.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. சங்கத்தின் தமிழ் வகுப்புக்குக் குழந்தைகளை அனுப்புகிறோம். பொங்கல் விழாவில் பாட வைக்கிறோம். ஆனால் மொழியைச் செவி கற்பது போலச் சுவையை நா கற்கிறது. இளமையில் அறியாத சுவையை வளர்ந்த பின் விரும்புவது அரிது. குழம்பு என்பது விடுமுறையில் பாட்டி வீட்டில் மட்டும் கிடைக்கும் பண்டம் என்று ஒரு தலைமுறை எண்ணத் தொடங்கிவிட்டால், அதற்கடுத்த தலைமுறைக்கு அதன் பெயரும் தெரியாமல் போகும்.

இதற்கு ஒரு வழி உண்டு. நாம் இரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றுகிறோம். வண்டி புறப்படும் நேரத்தில்தான் பெட்டிகளை இணைக்கத் தொடங்குவது என்று வைத்துக்கொண்டால், எந்த வண்டியும் நேரத்துக்குப் புறப்படாது. பெட்டிகளை யார்டில் முன்பே இணைத்து நிறுத்துகிறார்கள். நேரம் வந்ததும் எஞ்சினைப் பூட்டி அனுப்புகிறார்கள். குழம்பும் அவ்வாறே. அதில் நேரத்தை விழுங்குவது கொதிக்கும் வேலை அன்று. உரித்தலும் வதக்கலும் புளி கரைத்தலுமே. அவற்றை ஞாயிற்றுக்கிழமையன்று ஒரே முறையாகச் செய்து வைத்துவிட்டால், வாரநாளில் குழம்பு வைக்கக் கால் மணி நேரம் போதும். நம் இல்லத்தில் சில ஆண்டுகளாக வழக்கத்தில் உள்ள இம்முறையை இங்கே விவரிக்கிறோம்.

தேவையான பொருள்கள்

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நான்கு இரவுகளுக்கான அளவு இது: பெரிய வெங்காயம் 750 கிராம், தக்காளி 500 கிராம், பூண்டு 2 முழுப் பூடு, புளி 100 கிராம், மல்லித்தூள் 8 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 3 மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, கடுகும் வெந்தயமும் ஒவ்வொரு தேக்கரண்டி, பெருங்காயத்தூள் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, நல்லெண்ணெய் 150 மில்லி, உப்பு 1 மேசைக்கரண்டி, சுண்டைக்காய் அளவு வெல்லம்.

ஊரிலிருந்து வந்த குழம்புத்தூள் இருந்தால் மல்லித்தூளுக்கும் மிளகாய்த்தூளுக்கும் பதிலாக அதையே 10 மேசைக்கரண்டி சேர்க்கலாம். கடையில் காஷ்மீர் மிளகாய்த்தூள் வாங்குவோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும்: அது நிறம் மிகுதியாகவும் காரம் குறைவாகவும் உடையது. குண்டூர் மிளகாயோ அதற்கு நேர்மாறானது. ஆகவே முதல் முறை அளவைச் சற்றுக் குறைத்துச் சுவை பார்த்துக்கொள்வது நலம்.

செய்முறை

புளியை இரண்டு டம்ளர் வெந்நீரில் அரைமணி நேரம் ஊற வைத்து, கெட்டியாகக் கரைத்து வடிகட்டிக் கொள்க. அடிகனமான வாணலியில் எண்ணெயைக் காய வைத்துக் கடுகு போடவும். அது வெடித்ததும் வெந்தயம் சேர்த்து, பொன்னிறத்துக்கு மேல் விடாமல் உடனே பெருங்காயம், கறிவேப்பிலை, பூண்டு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். வெந்தயம் கருகினால் குழம்பு முழுவதும் கசக்கும். பின்னர் எதைச் சேர்த்தும் அதனைத் திருத்த இயலாது.

பிறகு நறுக்கிய வெங்காயத்தையும் உப்பையும் சேர்த்து, மிதமான தீயில் இருபது நிமிடம் வதக்குக. உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுத்து அது விரைவில் குழைய உதவும். இங்கே அவசரம் கூடாது. குழம்புக்கு உடலும் இனிமையும் தருவது இந்த இருபது நிமிடமே. வெங்காயம் பொன்னிறமானதும் தக்காளியைச் சேர்த்து, அது கரைந்து எண்ணெய் விளிம்பில் தெரியும் வரை பத்து நிமிடம் கிளறுக. தீயைத் தணித்துத் தூள்களைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டவும். மசாலையின் மணம் எண்ணெயில்தான் நன்கு இறங்கும். எனினும் தீ அதிகமானால் தூள் கருகிவிடும். இறுதியாகப் புளிக்கரைசலையும் வெல்லத்தையும் சேர்த்து, பச்சை வாடை போய், கெட்டியாகி, எண்ணெய் மேலே மிதக்கும் வரை இருபது நிமிடம் கொதிக்க விடவும். விழுது முடிந்தது.

தேங்காயையும் பருப்பையும் இந்த விழுதில் சேர்க்கலாகாது. அவை இரண்டும் விரைவில் கெடும் இயல்பின. அவ்வப்போது சேர்ப்பதே முறை.

பாதுகாக்கும் முறை

விழுதை அகன்ற பாத்திரத்தில் பரப்பி விரைவாக ஆற வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். ஒரே பெரிய பாத்திரத்தில் வைக்காமல், நான்கு சிறு கண்ணாடி அல்லது எவர்சில்வர் டப்பாக்களில் சமமாகப் பங்கிட்டு வைப்பது சிறந்தது. ஒரே பாத்திரத்தில் நாள்தோறும் கரண்டி விட்டால் நீர்த்துளியும் கிருமியும் உட்புகும். ஞாயிறன்று வைத்தது வியாழன், வெள்ளி வரை கெடாமல் இருக்கும். அடுத்த வாரத்துக்கும் சேர்த்துச் செய்தால், அந்தப் பங்கை உறைநிலைப் பகுதியில் வைக்க வேண்டும்.

எண்ணெய் மிதக்கிறதே, புளி சேர்ந்திருக்கிறதே என்று வெளியில் வைத்துவிடக் கூடாது. பூண்டு எண்ணெயில் மூழ்கியிருக்கும் பண்டத்தில், காற்றுப் படாத இடத்தில் வளரும் கொடிய நச்சுக் கிருமி தோன்ற இடமுண்டு. புளியின் அமிலம் அதனை ஓரளவு தடுப்பினும், குளிர்ச்சியே உறுதியான காப்பு. வடநாட்டுக் குளிர்காலத்திலும், இரவுக் குளிரை நம்பி அடுக்களை மேடையில் விட்டுவிடுதல் தகாது. பகலில் வெப்பம் ஏறிவிடும். புளி சேர்ந்த பண்டத்தை அலுமினியத்திலோ, ஈயம் பூசாத பித்தளையிலோ வைப்பதும் கூடாது. அமிலம் உலோகத்தை அரித்து உணவில் கலக்கச் செய்யும்.

நான்கு இரவு, நான்கு குழம்பு

ஒரு பங்கு விழுதுடன் இரண்டரை டம்ளர் நீர் சேர்த்துக் கொதிக்க வைத்தால் அதுவே குழம்பு. உப்பை அவ்வப்போது தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம். நாள்தோறும் ஒரே சுவையாக இருந்தால் அலுப்புத் தட்டுமே என்ற கவலை வேண்டா.

திங்களன்று முருங்கைக்காயும் கத்தரிக்காயும் சேர்க்கலாம். ஆனால் காயைத் தனியே முக்கால் பதம் வேக வைத்த பின்னரே விழுதில் சேர்க்க வேண்டும். புளிப்பில் காய் எளிதில் வேகாது. செவ்வாயன்று ஒரு கிண்ணம் வெந்த துவரம்பருப்பைச் சேர்த்தால் சாம்பாரை ஒத்த குழம்பாகும். பருப்பையும் தனியே வேக வைப்பது இன்றியமையாதது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரில் பருப்பு வேகத் தாமதமாகும் ஊர்களில், குடிப்பதற்கு வடிகட்டிய நீரையே பருப்புக்கும் பயன்படுத்தலாம். புதனன்று மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலைச் சோம்புடன் அரைத்து ஊற்றி, வேக வைத்த முட்டையையோ மீனையோ சேர்க்கலாம். மீன் எட்டு நிமிடத்தில் வெந்துவிடும். அதன் பின் கரண்டியால் கிளறாமல் பாத்திரத்தைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். வியாழனன்று காலையில் ஊற வைத்த கொண்டைக்கடலையைக் குக்கரில் வேக வைத்துச் சேர்க்கலாம். அல்லது சுண்டை வற்றலை எண்ணெயில் பொரித்துப் போடலாம்.

இரவில் சப்பாத்தி உண்ணும் இல்லங்களில் நீரை ஒரு டம்ளராகக் குறைத்து, வெந்த உருளைக்கிழங்கும் பட்டாணியும் சேர்த்தால் கெட்டியான கூட்டாகும். ரொட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளும் இதனை விரும்பி உண்பர்.

கடைத்தெருவில் கேட்கும் முறை

புதிதாக மணமாகி வடக்கே வரும் சகோதரிகளுக்குப் பொருளின் பெயர் தெரியாததே முதல் தடை. புளியை இந்தியில் இம்லி என்றும், மராத்தியில் சிஞ்ச் என்றும், வங்காளத்தில் தேத்துல் என்றும் கேட்க வேண்டும். துவரம்பருப்பு இந்தியில் அர்ஹர், முருங்கைக்காய் சஹ்ஜன், மராத்தியில் சேவ்கா, வங்காளத்தில் சொஜ்னே டாட்டா. வெந்தயம் மேத்தி தானா, பெருங்காயம் ஹீங், கறிவேப்பிலை கடீ பத்தா. சின்ன வெங்காயம் வேண்டுவோர் மும்பையில் மாட்டுங்காவிலும், டில்லியில் ஐ.என்.ஏ. சந்தையிலும், கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டிலும் தேடலாம். கிடைக்காவிடில் பெரிய வெங்காயமே போதும். நல்லெண்ணெய்க்குப் பதிலாகக் கடலை எண்ணெயும் ஏற்றதே. கடுகெண்ணெய் ஒன்றே கிடைக்குமாயின், அதனைப் புகை எழும் வரை காய்ச்சிச் சற்று ஆற விட்டுப் பயன்படுத்தினால் நெடி தணியும்.

"இவ்வாறெல்லாம் மாற்றினால் அது நம் ஊர்க் குழம்பாகுமா?" என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். குழம்பின் வரலாறே அதற்கு விடை கூறும். நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே பயன்படுத்தினர். சங்க நூல்களில் 'கறி' என்பது மிளகையே குறிக்கும். ஆங்கிலத்தில் வழங்கும் 'கரி' என்ற சொல் நம் கறியிலிருந்து சென்றதே என்று அகராதிகள் கூறுகின்றன. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் போர்த்துக்கீசியர் கள்ளிக்கோட்டைக்கு வந்த பின்னரே நம் நாட்டுக்கு அறிமுகமாயிற்று. தக்காளியும் அக்கண்டத்ததே. பெருங்காயப் பால் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிறது. அதனைப் பக்குவப்படுத்துவதில் உத்தரப் பிரதேசத்து ஹாத்ரஸ் நகரம் பேர்பெற்றது. அரபியர் இந்தியப் பேரீச்சை என்று அழைத்த புளியும், ஆப்பிரிக்காவில் தோன்றிய மரத்தின் கனி என்று தாவர நூலோர் கூறுவர். ஆக, நம் குழம்பில் உள்ள பல பொருள்கள் நம்மைப் போலவே வெளியூரிலிருந்து வந்து குடியேறியவை. வந்த இடத்தில் ஒன்றாகக் கொதித்து நம் உணவாயின. வெங்காயமும் எண்ணெயும் மாறியதால் குழம்பு அழிந்துவிடாது. வைக்காமல் விடுவதால்தான் அழியும்.

யார் செய்வது?

இறுதியாக ஆடவர்க்கு ஒரு சொல். அலுவலகத்திலிருந்து களைத்துத் திரும்பிய மனைவி நேரே அடுப்படிக்குச் செல்வதும், அதே நேரத்தில் திரும்பிய கணவன் கூடத்தில் செய்தித்தாளை விரிப்பதும் இன்னும் பல இல்லங்களில் வழக்கமாக உள்ளன. இது நியாயமன்று. கூடவே, வாரநாள் குழம்பு மறைந்து வருவதற்கும் இதுவே பெருங்காரணம். ஒருவர் தோளில் மட்டும் ஏற்றிய சுமை என்றேனும் இறக்கி வைக்கப்படும். அதில் அவரைக் குறை கூற இயலாது. இந்த விழுது ஒன்றரை மணி நேர வேலை. கடைக்குச் செல்லுதல், உரித்தல், நறுக்குதல், வாணலியருகே நின்று கிளறுதல் ஆகியவற்றுக்குத் தனித்திறமை எதுவும் வேண்டா, பொறுமை போதும். ஞாயிற்றுக்கிழமை வேலையைக் கணவன்மார் ஏற்றுக்கொள்வது தகும். நம் இல்லத்தில் அப்பொறுப்பு நம்முடையதே. பூண்டு உரிக்கும் பணியைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியுள்ளோம். உரிக்கும்போதே பொருள்களின் தமிழ்ப் பெயர்களையும் அவர்கள் கற்றுக்கொள்கின்றனர்.

விலைக்குக் கிடைக்கும் ஆயத்த மசாலை விழுதுகளில் உப்பு எவ்வளவு, எண்ணெய் எத்தகையது என்பதை உறையில் சிறிய எழுத்தில் தேட வேண்டியுள்ளது. உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே தக்கது என்கிறது. வீட்டில் செய்யும் விழுதில் அளவு நம் கையில் இருக்கிறது. இரத்த அழுத்தமுள்ள முதியோர் உள்ள வீடுகளுக்கு இது பெரிய நன்மை.

வரும் ஞாயிறன்று ஒரு முறை செய்து பாருங்கள். திங்கள் இரவு எட்டு மணிக்குக் குடும்பத்தினர் யாவரும் ஒன்றாக அமர்ந்து சூடான குழம்பும் சோறும் உண்ண இயலும். உங்கள் ஊர் வழக்கப்படி இதில் செய்யத்தக்க திருத்தங்கள் இருந்தால் சங்க இதழுக்கு எழுதி அனுப்புங்கள். செட்டிநாட்டாரும் தஞ்சையாரும் நெல்லையாரும் நாஞ்சில் நாட்டாரும் தத்தம் பக்குவத்தைச் சொன்னால், அது நம் அனைவர் பிள்ளைகளுக்கும் பயன்படும்.