சுட மறுத்த கார்வாலிகள்
பெஷாவர், 1930 ஏப்ரல் 23

உப்புச் சத்தியாக்கிரகக் காலம். தலைவர்கள் கைதானதைக் கண்டித்து கிஸ்ஸா கவானி பஜாரில் மக்கள் திரண்டிருந்தார்கள். கவச வண்டிகள் கூட்டத்துக்குள் புகுந்தன; துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர்.

ராயல் கார்வால் ரைஃபிள்ஸ் படையினருக்கும் சுடும்படி ஆணை வந்தது. ஹவில்தார் சந்திர சிங்கும் தோழர்களும் மறுத்துவிட்டார்கள். எதிரே நின்றவர்கள் பெரும்பாலும் பதான் முஸ்லிம்கள். இவர்களோ இமயமலைக் கிராமங்களின் இந்துக்கள். சுடவைக்க அந்த வேற்றுமை போதும் என்று மேலதிகாரிகள் நம்பியிருக்கக்கூடும். பயந்து பின்வாங்கினார்கள் என்றும் சொல்வதற்கில்லை: சந்திர சிங் முதல் உலகப்போரில் பிரான்ஸ் களத்தில் போரிட்டவர்.

ராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தோழர்கள் பலரும் சிறை சென்றனர்.

அவர்கள் சுட மறுத்ததைக் காந்தி பாராட்டவில்லை என்பது இன்றும் பலருக்கு வியப்பளிக்கும். ஆணையை மீறும் சிப்பாய் தான் எடுத்த உறுதிமொழியை முறிக்கிறான், நாளை நம் கையில் ஆட்சி வந்தால் இதே சிப்பாய்கள்தானே வேண்டும் என்பது பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஒருவரிடம் அவர் முன்வைத்த வாதம். ஆயுதமற்றவர்களைக் கொல்ல மறுத்தவர்களுக்கு அகிம்சையின் தலைவரிடமிருந்து கிடைத்த பதில் அது. 1931இன் காந்தி–இர்வின் ஒப்பந்தம் சத்தியாக்கிரகக் கைதிகளை விடுவித்தது. ஆணை மீறிய சிப்பாய்களுக்கு அதில் இடமில்லை. சந்திர சிங் விடுதலையானது 1941இல்.