காதினுள் ஒரு சில்வண்டு

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், மாரிகாலத்து இரவொன்றில், அறையினுள் சில்வண்டொன்று புகுந்துவிட்டதென எண்ணி, டோர்ச் லைற்றைக் கையிலெடுத்துக் கட்டிலின் கீழும் புத்தக அலுமாரியின் பின்னும் தேடினேன். மனைவியை எழுப்பி, "இந்தச் சத்தம் உமக்குக் கேட்கேல்லையே?" என்று வினவினேன். அவர் சிறிது நேரம் செவிசாய்த்துவிட்டு, "மழையும் விட்டிட்டுது. ஒரு சத்தமும் இல்லையப்பா, படுங்கோ" என்றார். சில்வண்டு அறையில் இருக்கவில்லை. என் வலக்காதினுள் இருந்தது. இன்றும் இருக்கின்றது.

காதிரைச்சல் உடையோர் நம்மிடையே பலர். முதுமையினாலும் ஓயாத யந்திர ஒலியினாலும் அது பொதுவாக இரு செவிகளிலும் தோன்றுவது. ஒரு செவியில் மாத்திரம் இரைச்சல் எழுந்து, அச்செவியின் கேள்வியும் மங்குமாயின், அதனை அலட்சியம் செய்தலாகாது. நான் செய்தேன். தொலைபேசியை வலக்காதில் வைத்தால் குரல் கேட்கும்; சொல் விளங்காது. இடக்காதுக்கு மாற்றிக்கொண்டேன், அவ்வளவே. முதலிற் கண்ட வைத்தியர் காதழுக்கென்று துளிமருந்து தந்தார். ஓராண்டு அவ்வாறு கழிந்தது. பின்னர் நிபுணர் ஒருவர் கேள்விப் பரிசோதனை செய்து, எம். ஆர். ஐ. படமும் எடுப்பித்தார். செவிநரம்பிலே 9 மில்லிமீற்றர் அளவில் ஒரு கட்டி காணப்பட்டது.

இதனை வைத்தியர்கள் 'வெஸ்ரிபியூலர் சுவானோமா' என்பர். நரம்பிழைகளுக்கு உறைபோல் அமைந்த கலங்களிலிருந்து எழுவது இது. அக்கலங்களை ஆராய்ந்த ஜேர்மானியராகிய தியோடர் சுவான் (1810–1882) பெயரையே கட்டியும் தாங்கி நிற்கின்றது. புற்றுநோயன்று; உடலின் வேறிடங்களுக்குப் பரவாது. வளர்ந்தாலும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீற்றர்தான்; வளராமலே கிடப்பனவும் பல. சிறிய கட்டியைக் காலத்துக்குக் காலம் படமெடுத்துக் கண்காணிப்பர். வளருமாயின் கதிர்ச்சிகிச்சை, அன்றேல் சத்திரசிகிச்சை.

ஆனால் 'கட்டி' என்ற அந்த ஒரு சொல் வீட்டில் செய்த வேலையைக் கட்டி செய்யவில்லை! "தலை சுத்துற பிள்ளை வெளியிலை திரியாதை தம்பி, பேசாமல் படு" என்றார் அம்மா. நாள்தோறும் வைகறையில் நடக்கும் வழக்கம் எனக்கிருந்தது. அதனை விட்டேன். சைக்கிளையும் விட்டேன். கல்லூரியிலே மாணவர் என் பையைச் சுமந்து படியேறினர், நானும் வாளாவிருந்தேன். நான்கு மாதங்களில், கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பை நோக்கித் திரும்பினால் பிள்ளைகளின் முகங்கள் நீரில் மிதப்பனபோல் ஆடலாயின. மாலை மங்கியபின் ஒழுங்கையில் நடந்தால் கள்ளருந்தியவன்போலத் தள்ளாடினேன். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அயலவர் என்ன நினைத்தாரோ, நான் கேட்கவில்லை.

இக்கதையைக் கேட்ட நிபுணர் சினங்கொண்டார். அவர் விளக்கியது இது: கண், உட்செவி, பாதமும் மூட்டுகளும் என மூன்று துணைகளைக்கொண்டே மனிதன் நிலைதளராது நிற்கிறான். ஒரு பக்கத்துச் செவிநரம்பு குன்றும்போது இரு பக்கச் செய்திகளும் ஒவ்வாது போகின்றன. அந்த வேறுபாட்டை மூளை கற்றுச் சரிசெய்துகொள்ளும். ஆனால் தலை அசைந்தாலன்றி அது கற்பதில்லை. படுத்தே கிடப்பவனுக்குப் பாடம் நடைபெறுவதேயில்லை. ஓர் ஆசிரியனுக்கு இதனினும் தெளிவாக எவர் சொல்ல முடியும்?

இவ்வுண்மையை 1940களில் இங்கிலாந்திலே காதோர்ண், குக்சி என்னும் இரு வைத்தியர்கள் கண்டு, தலையிற் காயமுற்றோருக்கெனத் தேகாப்பியாச முறையொன்றை வகுத்தனர். முதலிற் படுக்கையிலேயே கண்களை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்தல், பின்பு தலையை மெல்லவும் விரைவாகவும் திருப்புதல், இருந்து எழுதல், பந்தொன்றைக் கண்மட்டத்துக்கு மேலாக ஒரு கையிலிருந்து மறுகைக்கு எறிதல், படியேறி இறங்குதல். இவற்றுட் சிலவற்றைக் கண்களைத் திறந்தும், பின்னர் மூடியும் செய்யவேண்டும். நடுவில் ஒருவர் நின்று பந்தெறிய, அவரைச் சுற்றி வந்தபடியே அதனை ஏந்தித் திருப்பியெறிதலும் ஒன்று. என் வீட்டு முற்றத்தின் நடுவே நின்றவள் பத்து வயது மகள். முதல் வாரம் தலை சுழன்று, வாந்தியும் வரப்பார்த்தது. பந்து பலமுறை கிணற்றடிக்கு ஓடிற்று. அவளுக்கோ, தகப்பனைச் செக்குமாடுபோற் சுற்றவைப்பதில் அளவிலா மகிழ்ச்சி. ஆறாவது வாரமளவில் வகுப்பிலே முகங்கள் ஆடுதல் நின்றது.

சில்வண்டு நிற்கவில்லை. மூச்சை அடக்கிப் பாரந் தூக்கினாலும், பல்லை இறுகக் கடித்தாலும், கழுத்தை முறுக்கினாலும் அதன் குரல் உயரும். முதலில் இதற்கு அஞ்சினேன். கட்டி வளர்கிறதோ என்று உறக்கமும் இழந்தேன். நடையினாலோ இத்தகைய பயிற்சியினாலோ கட்டி வளர்வதில்லை என வைத்தியர் உறுதி கூறினார். இப்போது பாரந் தூக்கும்போது மூச்சை வெளிவிடுகிறேன். சற்று இளைப்பாறினால் வண்டும் தணிகின்றது. இரவில் மின்விசிறியின் ஒலி துணை. முழு அமைதியே அதற்கு நல்ல அரங்கம். இசைமேதை பீத்தோவன் தம் செவிகள் இரவும் பகலும் இரைவதாக 1801இல் நண்பரான வைத்தியர் வெகெலருக்கு எழுதினார். அவருடையது இக்கட்டியன்று, ஆயினும் அவர் வியன்னாவின் புறநகர்களில் நெடுந்தூரம் நடப்பதைக் கைவிடவில்லை.

எனினும் துணிவு வேறு, மடமை வேறு. இருளிலே கண்ணின் துணை போகும். கடற்கரை மணலிற் பாதத்தின் துணையும் குறையும். ஆதலால் அந்தியில் மணலில் நடப்பதில்லை. நீருள் மூழ்கினால் மேலெது கீழெது என்பது மயங்கக்கூடுமாகையால், தனியே நீந்துவதுமில்லை. ஒரு செவியுடையோனுக்கு ஒலி வரும் திசை தெரியாது. பஸ் முன்னாலா பின்னாலா என்று அறியாது ஒருமுறை மயிரிழையில் தப்பினேன். அன்றுமுதல் வீதியின் வலப்புறத்தே, வாகனங்களை எதிர்நோக்கி நடக்கிறேன். என் நல்ல செவியும் அப்போது வீதியின் பக்கமே இருக்கும்.

சென்ற மாதம் எடுத்த படத்திலும் கட்டி 9 மில்லிமீற்றரே. கேள்வி மாத்திரம் முன்னிலும் குறைந்துள்ளது. கட்டி வளராவிடினும் அது நிகழுமாம். தேகாப்பியாசம் அதற்கு மருந்தன்று. என் மேசையை வகுப்பின் மறு மூலைக்கு மாற்றி, மாணவர் இடப்பக்கமிருக்கச் செய்துகொண்டேன். காலையில் நான் சற்றுத் தாமதித்தால் அம்மா என் இடப்புறமாக வந்து நின்று, "தம்பி, இண்டைக்கு நடக்கப் போகேல்லையே?" என்று கேட்கிறார்.