350 வார்த்தைக்குள் ஒரு டயர் கடை

உள்ளே விட்டுவிட்டார்கள்! "ஓரமா உட்காருங்க, யார் பேரையும் எழுதிடாதீங்க" என்ற ஒரே நிபந்தனையோடு, குப்பர்ட்டினோ டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜின் டிரான்ஸ்ஃபர் சென்டரில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது. அதுவும் நவம்பர் மூன்றாம் வாரத்தில்! கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, அதாவது இங்கே எல்லோரும் சொல்லும் யூசிக்கு, விண்ணப்பிக்க வழக்கமான கடைசி நாள் நவம்பர் 30. நடுவில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வேறு. இந்த அறை கொதிக்கிற நேரத்தில் நம்மை உள்ளே அனுமதித்திருக்கிறார்கள். வாங்க, சத்தம் போடாமல் பார்க்கலாம்.

முதலில் மேசையைப் பாருங்கள். மூடியில்லாத பேனாக்கள், பாதி குடித்த காபிக் கோப்பைகள், யாரோ மறந்துவிட்டுப் போன கால்குலேட்டர், ஹாலோவீனில் மிஞ்சிய மிட்டாய்க் கிண்ணம். சாக்லேட் எல்லாம் காலி. யாருக்கும் பிடிக்காத மஞ்சள் மிட்டாய் மட்டும் கிடக்கிறது. சுவரில் பெர்க்லி, டேவிஸ், சாண்டா குரூஸ் என்று யூசி வளாகங்களின் முக்கோணக் கொடிகள். பக்கத்தில் ஒரு பெரிய டிஷ்யூ டப்பா. "ஜலதோஷமா?" என்று கேட்டேன். "இல்ல, எஸ்ஸே" என்றார் கவுன்சிலர்.

இங்கே இருக்கும் பலருக்கும் ஒரே கனவு: பெர்க்லியின் ஹாஸ் பிசினஸ் ஸ்கூல். 1898-இல் தொடங்கிய பள்ளி. அமெரிக்காவின் மிகப் பழைய பிசினஸ் பள்ளிகளில் ஒன்று. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் நேராகப் போய்ச் சேரலாம். ஆனால் விண்ணப்பிக்கும் நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை.

ஜன்னலோரம் ஒரு பெண் இரண்டு திரைகளைத் திறந்து வைத்துக்கொண்டு நகம் கடிக்கிறாள். ஒரு திரையில் அவள் முடித்த பாடங்கள். இன்னொன்றில் அசிஸ்ட் இணையதளம். இந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் பெர்க்லியின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று வரிக்கு வரி காட்டும் தளம் அது. கால்குலஸ் இருக்கிறது. மைக்ரோ, மேக்ரோ பொருளாதாரம் இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரை வகுப்பு இருக்கிறது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ்? விரல் திரையில் மேலும் கீழும் ஓடுகிறது. "ஸ்பிரிங்ல எடுக்கப் போறேன், பிளான்ல போட்டிருக்கேன்!" என்று கத்தியேவிட்டாள். அறையே திரும்பிப் பார்த்தது. யாரும் முறைக்கவில்லை. அந்தப் பயத்தை எல்லோரும் ஒருமுறையாவது பட்டிருக்கிறார்கள். கேட்கிற பாடங்களில் ஒன்று விட்டுப்போனாலும் போச்சு. மற்ற எல்லாவற்றிலும் ஏ வாங்கியிருந்தாலும் அது காப்பாற்றாது.

இனி நான் உங்களுக்குக் காட்டத் துடித்துக்கொண்டிருக்கும் இடம். பின்பக்க மேசை. எஸ்ஸே மேசை!

நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தை, ஒரு வார்த்தைகூட மிஞ்சக் கூடாது. அதில் ஒரு கேள்வி டிரான்ஸ்ஃபர் மாணவர் எல்லோருக்கும் கட்டாயம்: எடுக்கப்போகும் மேஜருக்கு உன்னை எப்படித் தயார் செய்துகொண்டாய்? சிபாரிசுக் கடிதம் கிடையாது. எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. கல்லூரியில் வாங்கிய மதிப்பெண்ணோடு இந்த வார்த்தைகளும் பேச வேண்டும்.

மேசையில் ஓர் இளைஞர். அப்பாவின் டயர் கடையிலிருந்து நேராக வந்திருக்கிறார், நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை. எழுதிக்கொண்டு வந்ததோ 600 வார்த்தைக்கு மேல். கவுன்சிலர் படித்துக்கொண்டே போகிறார். சட்டென்று நிறுத்தினார். "மூணாவது பாரா வந்தாச்சு, நீ இன்னும் பிறக்கவே இல்லையே! உங்க தாத்தாதான் இன்னும் கப்பல்ல வந்துக்கிட்டிருக்கார்." சிரிப்பில் மேசை குலுங்கியது. அதிகம் சிரித்தவர் அந்த இளைஞர்தான்.

"சரி, கடையில உனக்கு என்ன வேலை?"

"சும்மா பில் போடுறதுதான் மேடம்."

"சும்மான்னா?"

கவுன்சிலர் விடவில்லை. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. விற்காத அளவு டயர்களில் அப்பாவின் பணம் முடங்கிக் கிடந்ததை இவர் கவனித்திருக்கிறார். இரவு கடை மூடிய பிறகு எக்செல்லில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். முதல் மழை பெய்த வாரத்தில்தான் எல்லோரும் தேய்ந்த டயரைப் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அதற்கு முன்பே சரக்கு எடுக்கும்படி அப்பாவிடம் மாதக்கணக்கில் வாதாடியிருக்கிறார். கடைசியில் அப்பா ஒப்புக்கொண்டார். எஸ்ஸேயில் இதில் ஒரு வரிகூட இல்லை!

"ஏன் எழுதலை?"

"இது பிசினஸ்னு தோணவே இல்லை மேடம். இது எங்க கடை."

கவுன்சிலர் ஒன்றும் சொல்லவில்லை. கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினார். "இப்ப எங்கிட்ட சொன்னியே, அதை அப்படியே டைப் பண்ணு."

பிறகு நடந்ததைப் பார்க்க நீங்கள் என் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் தட்டுகிறார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் எட்டிப் பார்த்து வார்த்தை வெட்டிக் கொடுக்கிறார்கள். "அந்த 'மிகவும்' வேண்டாம்." "'என்னுடைய தந்தை' எதுக்கு, 'அப்பா' போதும்." 412. 371. 353. தாத்தாவின் கப்பல் ஒரே வரியில் கரை சேர்ந்தது. 350! ஹாஸில் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிறவர்கள்தான் அத்தனை பேரும். கைதட்டியவர்களும் அவர்களேதான்.

டயர் கடை இளைஞரிடம் கவுன்சிலர் இன்னொரு தாளைக் காட்டினார். செப்டம்பரிலேயே அந்த இளைஞர் போட்டுவைத்த டேக் விண்ணப்பம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் என்ற ஆறு வளாகங்களில் ஏதாவது ஒன்றில், நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்று முன்கூட்டியே வாங்கிவைக்கும் ஒப்பந்தம் அது. பெர்க்லி இதில் சேரவில்லை. பெரிதாக ஆசைப்படு, கையில் ஓர் இடத்தையும் வைத்துக்கொள் என்பதுதான் இந்த அறையின் நடைமுறை. எனக்கு மிகவும் பிடித்த நடைமுறை.

வராந்தாவில் ஓர் அம்மா. மகன் உள்ளே. என் கையில் தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "ஏனுங்க, கம்யூனிட்டி காலேஜ்னு கோயமுத்தூர்ல சொன்னா, பையன் சரியாப் படிக்கலையான்னு கேக்கறாங்க. என்னனு சொல்றது?" கதவருகே நீல ஹூடியோடு நின்ற ஒரு மாணவி காதில் இது விழுந்துவிட்டது. வீட்டில் தமிழ் பேசும் பெண். போன வருடம் இங்கிருந்து ஹாஸுக்குப் போனவள், தம்பி தங்கைகளுக்கு எஸ்ஸே திருத்த வந்திருக்கிறாள். "ஆன்ட்டி, எங்க டிகிரி சர்டிஃபிகேட்ல பெர்க்லின்னு மட்டும்தான் இருக்கும். முதல் வருஷமே வந்தவங்களுக்கும் அதே தாள்தான்." அந்த அம்மா அதை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

செலவுக் கணக்கையும் அவளே போட்டுக் காட்டினாள். இங்கே கலிஃபோர்னியாவாசிக்கு ஒரு குவார்ட்டர் யூனிட் 31 டாலர். மூன்றாம் ஆண்டில் சேரத் தேவையான 90 யூனிட்டுக்கும் சேர்த்தாலும் 2,790 டாலர்தான். பெர்க்லியில் ஒரே வருடக் கட்டணம் 15,000 டாலருக்கு மேல்.

ஹாஸுக்குப் போன பிறகு எப்படி இருந்தது என்று கேட்டேன். மூச்சுவிடாமல் கொட்டினாள். இங்கே 12 வாரக் குவார்ட்டர், அங்கே 15 வார செமஸ்டர். ஓட்டத்தின் வேகமே வேறு. எதற்கெடுத்தாலும் குழு வேலை. போய் இறங்கியதுமே கிளப் நேர்காணல், கோடை இன்டர்ன்ஷிப்புக்கான ஓட்டம். இருப்பதே இரண்டு வருடம் என்பதால் தயங்க நேரமில்லை. "ஒரே ஆறுதல், அங்க வகுப்பு சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் கழிச்சுத்தான் ஆரம்பிக்கும். பெர்க்லி டைம்!" முதல் வாரம் அது தெரியாமல் காலி வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருந்தாளாம்.

உள்ளே ஒரு கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பெண் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள்! பரிசாக அவளுக்குக் கிடைத்தது அந்த மஞ்சள் மிட்டாய். முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றாள். ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. ஜனவரி 31-க்குள் புது மதிப்பெண்களைப் பதிவேற்ற வேண்டும். அதன்பின் ஏப்ரல் வரை காத்திருப்பு. கவுன்சிலர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் பிள்ளை சேர்ந்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியின் டிரான்ஸ்ஃபர் சென்டருக்குப் பிள்ளையை முதல் பருவத்திலேயே அனுப்புங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. எந்தப் பாடம் எடுப்பது என்று அங்கே கேட்டுவிட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இரண்டாம் ஆண்டு நவம்பரில் போய் நின்றால் எஸ்ஸேயைத் திருத்தலாம். எடுக்காமல் விட்ட கால்குலஸை அங்கே யாராலும் சேர்த்துத் தர முடியாது.