வெயிலுக்குத் திரை, குளிருக்கு ஜன்னல்

2024 மே 29 அன்று தில்லி சஃப்தர்ஜங்கில் வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டது. 79 ஆண்டுகளில் காணாத வெயில். அந்த மாதிரி நாட்களில் தலைநகரின் போர்டிகோக்கள் அடுப்பாகிவிடுகின்றன. ஜனவரியிலோ கதையே வேறு. அதே போர்டிகோவில் நாற்காலியைப் போட்டு, வேர்க்கடலையைக் கொறித்தபடி வெயில் காய்கிறார்கள். கோடையில் நிழல் தேவை, குளிரில் வெயில் தேவை. பூவின் நிறத்தில் மயங்கிக் கொடி வாங்குபவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

பல வீடுகளின் முதல் தேர்வு 'பர்தா பேல்'. பெயருக்கேற்ப மாடியிலிருந்து பச்சைத் திரையாகத் தொங்கும். அதிகம் கவனிக்க வேண்டியதில்லை. தெருவின் பார்வையையும் தூசியையும் தடுக்கும். சிக்கல் என்னவென்றால், ஜனவரியிலும் இந்தத் திரை விலகாது. மாலை வெயில் சுட்டெரிக்கும் மேற்கு வாசலுக்கு இது சரி. குளிர்காலச் சூரியன் தாழ்ந்து எட்டிப் பார்க்கும் தெற்கு வாசலில் வைத்தால், வெயிலுக்குக் கதவடைத்த மாதிரிதான்.

தெற்கு வாசலுக்கு ஏற்றது ரங்கூன் மல்லி. தில்லி நர்சரிகளில் மதுமாலதி என்று கேட்க வேண்டும். கோடையில் அடர்ந்து மூடும் கொடி, கடுங்குளிரில் இலைகளைப் பெருமளவு உதிர்த்து வெயிலை உள்ளே விடும். மாலையில் வெள்ளையாக விரியும் பூ, இளஞ்சிவப்பாகி, பிறகு சிவக்கும். இரவில் மணமும் உண்டு. பிப்ரவரியில் கத்தரித்துவிட்டால் புதுத் தளிர்களில் கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

காகிதப்பூவுக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். முள்ளும் உண்டு என்பதால் குழந்தைகள் ஓடியாடும் வாசற்படியைவிடக் காம்பவுண்டுச் சுவரே அதற்கு நல்ல இடம்.

அடுத்த கேள்வி, கொடி எதைப் பற்றி ஏறும் என்பது. நடும்போது நூல்போல இருக்கும் மதுமாலதியின் தண்டு சில ஆண்டுகளில் தடித்து முறுக்கேறிவிடும். மழையில் நனைந்தால் எடை இன்னும் கூடும். மின்கம்பியிலோ தண்ணீர்க் குழாயிலோ ஏற விட்டால், பின்னால் கொடியை வெட்டுவதைத் தவிர வழியிருக்காது. சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளி இரும்புச் சட்டமோ கனமான கம்பியோ பொருத்துவது பாதுகாப்பு.

எனவே, நர்சரிக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்று. மாலை நான்கு மணிக்கு வாசலில் நின்று, வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பது. பூவின் நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.