மும்பையில் எட்டாக்கனியாகும் "இரும்பு மனிதர்" போட்டி
தமிழர் பகுதிகளில் பயிற்சிக் களம் எங்கே?

மும்பை: கோவாவில் நடைபெறும் "இரும்பு மனிதர் 70.3" போட்டியை, பெங்களூர் தெற்குத் தொகுதி எம்.பி. தேஜஸ்வி சூர்யா 2024-ம் ஆண்டு நிறைவு செய்தார். 2025 நவம்பரில் அவருடன் தமிழக பா.ஜ. முன்னாள் தலைவர் அண்ணாமலையும் பங்கேற்று முடித்தார். பிரதமர் நரேந்திர மோடி இவர்களைப் பாராட்டினார். இதே போட்டிக்குத் தயாராக, மும்பையில் தமிழர்கள் செறிந்து வாழும் தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதி இளைஞர் ஒருவர் விரும்பினால் அதற்கு வழி உண்டா?

1978-ல் ஹவாயில் தொடங்கிய முழுப் போட்டியில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள் பயணம், 42.2 கி.மீ. ஓட்டம் ஆகியவற்றை இடைவிடாமல் முடிக்க வேண்டும். கோவாவில் நடப்பது இதில் பாதி தூரம். 1.9 கி.மீ. கடலில் நீந்தி, 90 கி.மீ. சைக்கிள் ஓட்டி, 21.1 கி.மீ. ஓட வேண்டும். இதற்கான கால வரம்பு எட்டரை மணி நேரம். பல மாதப் பயிற்சி இன்றி இதில் இறங்குவது ஆபத்து.

செம்பூரில் மாநகராட்சியின் ஜெனரல் அருண்குமார் வைத்யா நீச்சல் குளம் உள்ளது. தனியார் மன்றங்களைவிட இங்கு கட்டணம் குறைவுதான். ஆனால், உறுப்பினராகி, குறித்த நேரத்தில் அங்கு செல்ல வேண்டும். தாராவியின் தோல், தையல் பட்டறைகளில் செய்த வேலைக்கு ஏற்பக் கூலி பெறுவோருக்கு, பயிற்சிக்குச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் வருமான இழப்பாகும்.

சைக்கிள் பயிற்சியின் நிலை இன்னும் சிக்கலானது. தாராவியை அடுத்த பாந்த்ரா-குர்லா வளாகத்தில் 2011-ல் அமைக்கப்பட்ட சைக்கிள் தடம், வாகனங்கள் நிறுத்தும் இடமாக மாறிப் பயனற்றுப் போனது. பின்னர் முலுண்டிலிருந்து தாராவி வரை செல்லும் தான்சா குடிநீர்க் குழாயை ஒட்டி, சைக்கிள் மற்றும் நடைபாதைத் திட்டத்தை மாநகராட்சி அறிவித்தது. குழாயின் இருபுறமும் 10 மீட்டர் நிலத்தைக் காலி செய்ய மும்பை உயர் நீதிமன்றம் 2009-ல் உத்தரவிட்டதை அடுத்து, அங்கு வசித்த குடும்பங்கள் அகற்றப்பட்டன. அவர்களில் பலர் செம்பூரை ஒட்டிய மாகுலில் குடியமர்த்தப்பட்டனர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் சூழ்ந்த அப்பகுதியில் காற்று மாசு கடுமையாக இருப்பதால், அங்கு வசிக்குமாறு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், வாடகையாக மாதம் ரூ.15 ஆயிரம் வழங்க வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் 2019-ல் உத்தரவிட்டது குறிப்பிடத்தக்கது.

ஓடுவதற்கு மாதுங்காவின் ஐந்து தோட்டங்கள் பகுதியில் மரநிழல் சாலைகள் உண்டு. அங்கு அதிகாலையில் ஓடுவோரைக் காணலாம். தாராவியின் பல சந்துகளிலோ இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டியுள்ளது.

தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் அதானி குழுமம் 2022-ல் வென்றது. எத்தனை வீடுகள், யாருக்குத் தகுதி என்பதே இத்திட்டம் குறித்த விவாதங்களில் மேலோங்கி நிற்கிறது. எத்தனை மைதானங்கள், எத்தனை நீச்சல் குளங்கள், அவற்றுக்கு என்ன கட்டணம் என்ற கேள்விகளையும் மக்கள் பிரதிநிதிகள் இப்போதே எழுப்ப வேண்டும். வரைபடம் கட்டடமாக எழுந்த பிறகு மைதானத்துக்கு இடம் தேட முடியாது.