சாரலில் காயாத ஜிமிக்கி
புளியறை, செங்கோட்டைப் பக்கம் சுடுமண் நகை செய்பவருக்குச் சாரல் மாதங்கள் பெரிய சோதனை. மண்ணைக் கரைத்து, துணியில் வடிகட்டி, பிசைந்து ஜிமிக்கி பிடிக்கிறார்கள். கம்பி கோக்கும் துளையை ஈரத்திலேயே ஈர்க்குச்சியால் குத்திவிட வேண்டும். வெயிலில் வைத்தால் மேற்புறம் முந்திக் காய்ந்து விரிசல் விடும். ஆகவே நிழல்தான். ஆனால் சாரல் நாளில் நிழலில் எங்கே காய்கிறது? உள்ளே ஈரம் தங்கினால் சூளையில் ஆவியாகி நகையே வெடித்துவிடும்! காற்றோட்டமாகச் சுட்டால் மண்ணிலுள்ள இரும்பு சிவப்பு நிறம் தரும். காற்றை அடைத்துப் புகையில் சுட்டால் கறுப்பாகும். கீழடி அகழாய்விலும் சுடுமண் மணிகள், காதணிகள் கிடைத்திருக்கின்றன. வாங்கும்போது சாயம் பூசாததைக் கேளுங்கள், அந்தச் சிவப்பே தனி அழகு. கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள்.