உங்களுக்குத் தெரியுமா? பஞ்சத்தில் பிறந்த கால்வாய்

சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, சுமார் 8 கி.மீ. நீளம். 1876-78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்த கைகள் தோண்டிய நீர்வழி அது! படகுகள் போய்வந்த பாதையில் பிற்பாடு பறக்கும் ரயிலின் தூண்கள் இறங்கின, கால்வாய் குறுகிப்போனது.

அதன் பழைய அகலத்தைக் கணினியில் கண்டுபிடிக்க வழி உண்டு. பழைய நில அளவை வரைபடத்தை ஸ்கேன் செய்து, கோயில், தேவாலயம், பாலம் என்று இடம் மாறாதவற்றை அடையாளப் புள்ளிகளாக வைத்துச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்துவார்கள். இன்றைய எந்தக் கட்டடம் அன்றைய கால்வாய்க்குள் நிற்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஆனால் மழைநீர் எந்தச் சந்தில் முதலில் ஏறும், எங்கே தேங்கும் என்பதைக் கரையில் குடியிருப்பவர்களைக் கேட்டால்தான் தெரியும். அவர்களைக் கேட்காமல் போடும் எந்தக் கால்வாய் மீட்புத் திட்டமும் அரைகுறைதான். மக்கள் அறிந்ததை வரைபடத்தில் ஏற்றவும் முடியும்: 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை அடிப்படையாகக் கொண்ட இணைய வரைபடம் ஒன்றில், தண்ணீர் சூழ்ந்த தெருக்களைச் சென்னை மக்களே ஒவ்வொன்றாகக் குறித்துக்காட்டினார்கள்.